சிம்போசியம் பணம் யார் கணக்கில் விழ வேண்டும்?

“அண்ணா, போஸ்டர்ல உன் ஜிபே நம்பரையே போட்டுடட்டுமா?”

சித்தி மகன் இரவு பத்தரைக்கு போன் போட்டுக் கேட்ட கேள்வி. மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் படிக்கிறான். துறை சிம்போசியத்துக்கு அவன்தான் பொருளாளர். எதிர்பார்க்கும் வசூல் 3,40,000 ரூபாய். அதில் பழைய மாணவர்கள் தருவதாகச் சொன்னது 1,60,000, மூன்று நிறுவனங்களின் ஸ்பான்சர் தொகை 1,20,000, வெளிக் கல்லூரிகளிலிருந்து வருகிறவர்களின் நுழைவுக் கட்டணம் ஏறத்தாழ 60,000. சரி, என் நம்பர் எதற்கு? “நீ சம்பளம் வாங்குறவன். உன் கணக்குல மூணு லட்சம் வந்தா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. என் கணக்குல வந்தாதான் சந்தேகம் வரும்.”

எட்டு வருஷமாக ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். அவன் சொன்னதைத் தலைகீழாகப் புரட்டினால்தான் சரியாக வரும் என்று விளக்க அன்றைக்குப் பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அதே கேள்வியோடு இன்னும் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். கணக்குகள் எல்லாம் 2025-26 நிதியாண்டை வைத்து. பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டுப் புதிய சட்டம் நடைமுறைக்கு வருவதால் அதற்குப் பிந்தைய நிகழ்ச்சிகளுக்கு எண்கள் மாறும்.

யாரோ ஒருவரின் சொந்தக் கணக்கு

எல்லாரும் முதலில் போவது இங்கேதான். காரணம் எளிது: ஐந்து நிமிஷத்தில் வேலை முடிகிறது. க்யூ.ஆர். கோடு ஏற்கெனவே இருக்கிறது, யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டாம்.

சிக்கல் 56(2)(எக்ஸ்) பிரிவில் இருக்கிறது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் ஒருவருக்கு வரும் அன்பளிப்புப் பணம் 50,000 ரூபாயைத் தாண்டினால், அது அவருடைய வருமானம். இதில் இரண்டு இடத்தில் ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள். ஒன்று, 50,000 என்பது கொடுக்கிறவர் தலைக்கு இவ்வளவு என்று நினைப்பது. “ஒவ்வொருத்தரும் ரெண்டாயிரம், மூவாயிரம்தானே தர்றாங்க” என்றான் தம்பியும். அப்படி இல்லை, ஊரில் எல்லாரிடமிருந்தும் வாங்கியதைச் சேர்த்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். இரண்டாவது, வரம்பைத் தாண்டிய பகுதிக்கு மட்டும்தான் வரி என்று நினைப்பது. 50,001 ஆனால் அந்த முழு 50,001-ம் வருமானத்தில் ஏறும்.

என் சம்பளம் சிறியது, என்னை விடுங்கள். அவன் பட்டியலில் எனக்கு அடுத்தபடியாக இருந்தவர் பெருங்குடியில் ஐ.டி. வேலையில் இருக்கும் ஒரு சீனியர். ஆண்டுச் சம்பளம் 12,75,000 என்று வைத்துக்கொள்வோம். புதிய வரிமுறையில் 75,000 நிலைக் கழிவு போக 12 லட்சம். வரி 60,000 வரும், 87ஏ தள்ளுபடி 60,000 கிடைக்கும், கட்ட வேண்டியது பூஜ்யம். இப்போது பழைய மாணவர்களின் 1,60,000 அவர் கணக்கில் விழுந்து, அது அன்பளிப்பு என்று கொள்ளப்பட்டால் வருமானம் 13,60,000. பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டியதால் தள்ளுபடி போய்விட்டது. வரி 84,000, அதன் மேல் 4 சதவீதம் செஸ் 3,360. ஆக 87,360 ரூபாய். ஜூனியர்களுக்கு உதவப் போன மனிதர், வந்த பணத்தில் பாதிக்கு மேல் கைக்காசு போட்டுக் கட்ட வேண்டிய நிலை. நிகழ்ச்சிக்குச் செலவழித்ததைக் கழித்துக் காட்டலாமே என்றால், அன்பளிப்புக்கு எதிராக அப்படிக் கழிக்க வழியில்லை.

இதே பணம் வருமானமே இல்லாத மாணவன் கணக்கில் வந்தால்? மொத்த 3,40,000-ஐயும் அவன் வருமானம் என்றே வைத்துக்கொண்டாலும், புதிய வரிமுறையில் அடிப்படை விலக்கு 4 லட்சம். வரி இல்லை. ஆக, வரியை மட்டும் பார்த்தால் சம்பளக்காரர் கணக்கைவிட மாணவன் கணக்கே தேவலை. “யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க” என்ற தம்பியின் கணிப்பைத் தலைகீழ் என்று சொன்னது இதனால்தான்.

ஆனால் மாணவன் கணக்குக்கு வேறு தொல்லைகள். சரியான ஆவணம் இல்லாமல் திறந்த சிறு கணக்காக இருந்தால் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வரவு வைக்க முடியாது, இருப்பும் 50,000-ஐத் தாண்டக் கூடாது. இன்னொன்று வரியை விடப் பயமானது. முகம் தெரியாத இருநூறு பேர் 250, 250 என்று அனுப்புகிறார்கள். அதில் ஒருவரின் கணக்கு ஏதாவது சைபர் மோசடிப் புகாரில் மாட்டியிருந்தால், பணம் போன வழியைப் பிடித்துக்கொண்டு வந்து பெற்றவர் கணக்கையும் முடக்கிவிடுகிறார்கள். 250 ரூபாய்க்காக மொத்தக் கணக்கும் நிற்கும். சிம்போசியத்துக்கு இரண்டு நாள் முன்னால், சாப்பாட்டுக்காரருக்குப் பணம் அனுப்ப வேண்டிய காலையில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, வரித்துறைக்கு இதெல்லாம் தெரியவா போகிறது? நேர்மையாகச் சொன்னால், யூ.பி.ஐ.யில் வரும் சில்லறை வரவுகள் ஒவ்வொன்றும் தானாக ஆண்டுத் தகவல் அறிக்கையில் (அவரவர் பான் எண்ணில் வரித்துறை சேர்த்து வைக்கும் பட்டியல்) ஏறுவதில்லை. சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் ரொக்கம் கட்டினால் ஏறும், வட்டி ஏறும், டி.டி.எஸ். (பணம் தருகிறவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடித்திருந்தால் ஏறும். காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்தக் கடைசிச் சமாசாரம்தான். எங்கள் அலுவலகத்துக்கு ஓர் இளைஞர் வந்தார். கல்லூரி விழாவுக்கு ஒரு நிறுவனம் தந்த 50,000 ரூபாயைத் தன் பான் எண் கொடுத்து வாங்கியிருந்தார். அவர்கள் 500 ரூபாய் டி.டி.எஸ். பிடித்து 49,500 அனுப்பியிருந்தார்கள். அதே நிதியாண்டில் வேலைக்குச் சேர்ந்து, மறுவருஷம் முதல் தடவையாக ரிட்டர்ன் போட்டபோது சம்பளத்தை மட்டும் காட்டினார். அந்த 500 ரூபாய் வரியை மட்டும் கம்ப்யூட்டர் தானாக எடுத்துக்கொண்டது. அதற்கு நேரான வருமானம் எங்கே என்று கடிதம் வந்துவிட்டது. பில்கள் எல்லாம் யாரிடம் என்றேன். “அப்போ இருந்த செகரட்டரிகிட்ட இருந்துச்சு சார்.” செகரட்டரி கனடாவில்.

நன்கொடையா, ஸ்பான்சரா?

இந்த இரண்டையும் ஒரே வாயால் சொல்லிப் பழகிவிட்டோம். வரிக்கு இரண்டும் வேறு வேறு. பழைய மாணவர் “நல்லா நடத்துங்கப்பா” என்று 5,000 அனுப்பினால் அது நன்கொடை. அவருக்குத் திரும்ப எதுவும் கிடைப்பதில்லை. பயிற்சி மையம் 50,000 தந்து, மேடைக்குப் பின்னால் தன் பிளெக்ஸ் வேண்டும் என்றால் அது விளம்பரக் கட்டணம். மத்திய நேரடி வரிகள் வாரியம் 1995 ஆகஸ்டில் வெளியிட்ட 715ஆம் எண் சுற்றறிக்கையில் நம் ஆட்களுக்கென்றே ஒரு கேள்வி-பதில் இருக்கிறது: பள்ளி, கல்லூரிகளில் நடக்கும் விவாதங்கள், கருத்தரங்குகளுக்கு பேனர் விளம்பரத்துக்காகத் தரும் ஸ்பான்சர் தொகை, சாரத்தில் விளம்பர வேலைக்கான ஒப்பந்தமே, டி.டி.எஸ். பிடிக்கச் சொல்லும் 194சி பிரிவு பொருந்தும். முப்பது வருஷத்துக்கு முன்பே யாரோ ஒரு கல்லூரிப் பொருளாளர் இதில் மாட்டியிருக்கிறார் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

ஒரே தடவையில் 30,000-ஐத் தாண்டும் தொகைக்குத் தனிநபர் என்றால் 1 சதவீதம் பிடிப்பார்கள். பான் எண் தராவிட்டால் 20 சதவீதம், அதாவது 50,000-க்கு 10,000 போய்விடும். இதற்குப் பயந்து சில பொருளாளர்கள் நிறுவனத்திடம் “டொனேஷன்னு எழுதிக்கோங்க சார்” என்கிறார்கள். தன் தலையில் தானே மண் வாரிப் போட்டுக்கொள்வது என்பது இதுதான். விளம்பரக் கட்டணம் என்றால் அதற்கு எதிராக நிகழ்ச்சிச் செலவைக் கழித்துக் காட்ட இடம் உண்டு. மிச்சம் ஒன்றும் இல்லை என்றால் வரியும் இல்லை. நன்கொடை என்று மாற்றி எழுதிவிட்டால், மேலே சொன்ன 50,000 வரம்பில் போய் விழும், செலவையும் கழிக்க முடியாது. வார்த்தையில் இருக்கிறது விஷயம்.

மூன்று பேர் சேர்ந்து ஜாயின்ட் அக்கவுன்ட்

செயலாளர், பொருளாளர், ஒரு இரண்டாம் ஆண்டுப் பையன் என்று மூன்று பேர் சேர்ந்து திறப்பது. ‘கூட்டாக மட்டும்’ என்று போட்டால் ஒருவர் தனியாகப் பணத்தை எடுக்க முடியாது. நண்பர்களுக்குள் சந்தேகம் வராமல் இருக்க இது அருமையான ஏற்பாடு. வரிக்கு? மூன்று பேர் பெயர் இருப்பதால் வருமானம் மூன்றாகப் பிரிந்து, தலைக்கு 50,000 வரம்பு கிடைத்துவிடும் என்று ஒரு நம்பிக்கை மாணவர்களிடம் உலாவுகிறது. கணக்கில் பெயர் இருப்பதும் பணத்துக்கு உரிமை இருப்பதும் ஒன்றல்ல. வட்டியும் டி.டி.எஸ்.ஸும் வழக்கமாக முதல் பெயர்க்காரரின் பான் எண்ணில்தான் போய் நிற்கும். மூன்று பேரும் ஒரே ஊரில் இருந்து நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், படிப்பு முடிந்தபின் மூட வேண்டும். ஒருவன் வளாக நேர்காணலில் புனேவுக்குப் போய்விட்டால் அந்தக் கணக்கு அனாதை.

கல்லூரிக் கணக்கு

வரிப்படி இதைவிட நிம்மதியான இடம் இல்லை. அறக்கட்டளை நடத்தும் கல்லூரியோ அரசுக் கல்லூரியோ, அவர்கள் வரிச் சூழல் வேறு. பணம் வந்தது மாணவன் தலையில் ஏறவே ஏறாது. ஸ்பான்சர் நிறுவனங்களுக்கும் கல்லூரி ரசீது, கல்லூரி பான் எண் என்றால் கேள்வி கேட்காமல் காசோலை வரும்.

பிரச்சினை பணத்தை வெளியே எடுப்பது. நான் படித்த காலத்தில் எங்கள் துறை விழாப் பணத்தைக் கல்லூரி அலுவலகத்தில்தான் கட்டினோம். எல்லாவற்றுக்கும் மூன்று கொட்டேஷன். மைக் செட்டுக்கு மூன்று கொட்டேஷன் கிடைத்தது. பூமாலைக்கு? பூக்கார அம்மா ஒரு சிகரெட் அட்டையின் பின்புறத்தில் ‘மாலை 6, 900’ என்று எழுதிக் கொடுத்ததைக் கொண்டுபோய் நீட்டினேன். அலுவலகக் கண்காணிப்பாளர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, “தம்பி, இதுல சீல் எங்க?” என்றார். கைக்காசாகப் போட்ட 11,000 ரூபாய் திரும்பி வர நான்கு மாதம் ஆனது. அதற்குள் நான் கல்லூரியை விட்டே வெளியே வந்துவிட்டேன்.

இருந்தாலும் இன்றைக்கு என்னைக் கேட்டால், ஸ்பான்சர் தொகையும் நுழைவுக் கட்டணமும் கல்லூரி வழியாகத்தான் வர வேண்டும் என்பேன். செலவுப் பட்டியலை ஒரு மாதம் முன்பே கொடுத்து, பெரிய பில்களை (சாப்பாடு, பந்தல், அச்சு) கல்லூரியே நேரடியாகக் கட்டும்படி செய்துவிட்டு, சில்லறைச் செலவுக்கு மட்டும் முன்பணம் கேட்டு வாங்க வேண்டும். பூக்கார அம்மாவிடம் சீல் கேட்க முடியாது. அதற்கு வவுச்சர் எழுதி, அவரிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, துறைத் தலைவரிடம் சான்றொப்பம் வாங்கினால் ஏற்கிற அலுவலகங்கள் இருக்கின்றன. முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

பழைய மாணவர் சங்கம்

நன்கொடைக்கு என் முதல் தேர்வு இதுதான். பல கல்லூரிகளில் பழைய மாணவர் சங்கம் பதிவு செய்த சங்கமாக, தனிக் கணக்கும் பான் எண்ணும் வைத்துக்கொண்டு இருக்கிறது. வருமான வரியில் 12ஏபி பதிவு (அற நிறுவனங்களுக்கான வரிவிலக்குப் பதிவு) இருந்தால், கல்வி நோக்கத்துக்கு வரும் நன்கொடையைச் சட்டப்படி செலவழிக்கும்வரை வரிப் பயம் இல்லை. மாணவர்கள் செய்ய வேண்டியது, ‘இந்தத் தொகை இன்ன சிம்போசியத்துக்கு’ என்று கொடுப்பவர்களைக் குறிப்பு எழுதச் சொல்வதும், பில்களைச் சங்கத்தின் பெயரில் வாங்குவதும்தான்.

80ஜி அனுமதியும் இருந்தால் கொடுப்பவருக்குக் கழிவு கிடைக்கும் என்று சொல்லி வசூல் செய்வார்கள். இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். புதிய வரிமுறையில் இருப்பவருக்கு 80ஜி கழிவே கிடையாது, இன்றைக்குச் சம்பளக்காரர்களில் நிறையப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள். பழைய முறையில் இருப்பவரும் 2,000-க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அதற்குக் கழிவே இல்லை. சங்கமும் கொடுத்தவரின் பெயர், அடையாள எண்ணோடு 10பிடி படிவத்தை மே 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதனால்தான் சங்கப் பொருளாளர் ஒவ்வொருவரிடமும் பான் எண் கேட்டு நச்சரிக்கிறார். அவர் மேல் எரிச்சல்பட வேண்டாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது: வெளிநாட்டுப் பணம். தம்பியின் பட்டியலில் இரண்டு பேர். துபாயில் ஒருவர், நியூ ஜெர்சியில் ஒருவர். இருவருமே பாசக்காரர்கள். நான் கேட்ட ஒரே கேள்வி, பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது? துபாய்க்காரரிடம் இந்தியப் பாஸ்போர்ட். அவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. நியூ ஜெர்சிக்காரர் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார். இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர். அவருடைய 200 டாலரை வாங்க வேண்டுமானால் சங்கம் 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி பதிவு செய்து, டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கென்று கணக்கு வைத்திருக்க வேண்டும். “அப்ப என் பர்சனல் அக்கவுன்ட்டுக்கு அனுப்பச் சொல்லவா?” என்றான். வேண்டவே வேண்டாம்டா, சிம்போசியத்துக்கென்று வாங்கினால் யார் கணக்கு என்பதால் அது மாறாது. அவரை வந்து பேசச் சொல். சிம்போசியத்தன்று அவர் இணையத்தில் நாற்பது நிமிஷம் பேட்டரி குளிரூட்டல் பற்றிப் பேசினார். அன்று நடந்தவற்றில் அதுதான் உருப்படியானது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பணமே கைக்கு வராமல்

யாரும் யோசிக்காத, ஆனால் சின்ன நிகழ்ச்சிகளுக்குச் சிறந்த வழி: ஸ்பான்சரே கடைக்காரருக்குக் கட்டிவிடுவது. அச்சகத்தின் பில் நிறுவனத்தின் பெயரில், நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. எண்ணோடு. பணம் மாணவன் கையைத் தொடவே இல்லை, அதனால் வரி, டி.டி.எஸ்., கணக்கு முடக்கம் எதுவும் இல்லை. நிறுவனத்துக்கும் அது விளம்பரச் செலவாகத் தெளிவாக நிற்கிறது. குறை ஒன்று உண்டு. நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் எண்ணிக்கை மாறினால், சாப்பாட்டுக்காரர் யாரிடம் பேசுவார்? நிறுவனத்தின் மக்கள் தொடர்பு அலுவலர் இரவு ஒன்பது மணிக்கு போன் எடுக்க மாட்டார். அதனால் அளவு முன்கூட்டியே தெரிகிற பொருள்களுக்கு மட்டும் இது பொருந்தும்: பை, நோட்டு, சான்றிதழ், பிளெக்ஸ், மெமென்டோ.

நாமே ஒரு சங்கம் தொடங்கினால்?

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஏழு பேர் இருந்தால் போதும், மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். கேட்க நன்றாக இருக்கும். அப்புறம் ஆண்டுதோறும் பொதுக்குழு, நிர்வாகிகள் பட்டியல் தாக்கல், தணிக்கை, ரிட்டர்ன். நிர்வாகிகள் நான்கு வருஷத்தில் கல்லூரியை விட்டுப் போகிறவர்கள். ஒவ்வொரு ஜூனிலும் வங்கியில் கையெழுத்து மாற்ற வேண்டும். 12ஏபி பதிவு வாங்காமல் விட்டால் வருமானத்துக்கு வரியும் உண்டு. தனிநபருக்குக் கிடைக்கும் 87ஏ தள்ளுபடி சங்கத்துக்குக் கிடையாது. ஒரு நாள் நிகழ்ச்சிக்கு இது கொசுவை அடிக்க பீரங்கி. பல கல்லூரி மாணவர்கள் சேர்ந்து வருஷா வருஷம் நடத்துகிற மாநாடு, லட்சக் கணக்கில் வரவு என்றால் மட்டும் யோசிக்கலாம்.

சொந்தக் கணக்கைத் தவிர வழியே இல்லை என்றால்

சில சமயம் இல்லைதான். கல்லூரி மறுக்கும், சங்கம் பெயரளவில் இருக்கும். அப்போது மிஞ்சுவது ஒரே வாதம்: இது என் பணமே அல்ல, மற்றவர்களுக்காகக் கையில் வைத்திருந்தேன். நல்ல வாதம்தான். இன்னொருவர் சார்பில் வாங்கி, அந்த வேலைக்கே செலவழித்தது வாங்கியவரின் வருமானம் ஆகாது. ஆனால் வாயால் சொன்னால் போதாது, காட்ட வேண்டும். காட்ட முடியாமல் போய், விளக்கம் இல்லாத வரவு என்று முடிவானால் அதற்கு வழக்கமான விகிதமே இல்லை, தனியாகக் கடுமையான விகிதம். 4 லட்சம் விலக்கும் தள்ளுபடியும் அங்கே செல்லாது.

அதனால் முதல் ரூபாய் வருவதற்கு முன்பே ஒரு தாள். தம்பிக்கு நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்:

“எங்கள் துறை மாணவர் மன்றம் நடத்தவிருக்கும் சிம்போசியத்துக்கு வரும் தொகைகளை மன்றத்தின் சார்பில் பெற்று, நிகழ்ச்சிச் செலவுக்கு மட்டும் பயன்படுத்தி, கணக்கு ஒப்படைக்கப் பொருளாளரை நியமிக்கிறோம். இத்தொகையில் பொருளாளருக்குத் தனிப்பட்ட உரிமை எதுவும் இல்லை. மீதித் தொகை மன்றத்தின் முடிவுப்படி ஒப்படைக்கப்படும்.”

கீழே ஐந்து மாணவர்களின் கையெழுத்து, துறைத் தலைவர் கையெழுத்து, முத்திரை, தேதி. தேதிதான் உயிர். எல்லாம் முடிந்தபின் முன்தேதியிட்டு எழுதினால் அது மோசடி. அப்புறம், வேறு எந்த வரவும் இல்லாத தனிக் கணக்கு. மெஸ் பணமும் அப்பா அனுப்பும் காசும் அதில் விழக் கூடாது. ரொக்கம் வாங்கினால் எண்ணிட்ட ரசீதுப் புத்தகம். ஒரே நிகழ்ச்சிக்காக ஒரே ஆளிடம் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, நான்கு நாளாகப் பிரித்து வாங்கினாலும் கூடாது; 269எஸ்டி பிரிவு அதைத் தடுக்கிறது, மீறினால் 271டிஏ பிரிவு வாங்கிய அளவுக்கே அபராதம் போடுகிறது. பில்களை போட்டோ எடுத்து ஒரு டிரைவில் போட்டு, கடவுச்சொல்லை இரண்டு பேரிடமாவது கொடுத்து வைக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது கனடா போகாதவராக இருக்கட்டும்.

தம்பி கடைசியில் எதையும் முழுதாக எடுக்கவில்லை, கலந்துகட்டினான். பழைய மாணவர்கள் சொன்ன 1,60,000-இல் வந்தது 1,38,000. அது சங்கத்துக்குப் போனது. 50,000 தந்த பயிற்சி மையமும் நுழைவுக் கட்டணமும் கல்லூரிக் கணக்கில். மற்ற இரண்டு நிறுவனங்களில் ஒன்று பைகளுக்கும் நோட்டுகளுக்கும், இன்னொன்று பிளெக்ஸுக்கும் சான்றிதழுக்கும் நேரடியாகக் கட்டிவிட்டன. அவன் சொந்தக் கணக்கில் வந்தது, கல்லூரி முன்பணமாகத் தந்த 15,000 மட்டும்.

எல்லாம் முடிந்து முன்பணத்தில் 6,420 மீந்தது. நிகழ்ச்சிக்குப் போயிருந்த நான் பக்கத்தில் நிற்கும்போதே இரண்டாம் ஆண்டுப் பையன்கள் பிரியாணிக் கடையின் பெயரைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். தம்பி என்னைப் பார்த்தான். “‘தனிப்பட்ட உரிமை எதுவும் இல்லை’னு ஐந்து பேர் கையெழுத்துப் போட்ட தாள் எங்கடா இருக்கு?” என்றேன். 6,420-ஐ மறுநாள் அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்கிவிட்டான். பிரியாணி அவரவர் காசில். அன்று இரவே என் ஜிபேக்கு அவனிடமிருந்து ஒரு கோரிக்கை வந்தது: 180 ரூபாய், குறிப்பில் ‘உன் பங்கு, ரசீது கிடையாது’.